மழைக்கோட்டுக்குள் பெய்யும் மழை

மூன்றாம் நாள் காலையில் எழுந்ததும் அறைக்குள் கட்டியிருந்த கொடியைத் தொட்டுப் பார்த்தேன். முதல் நாள் பிழிந்து போட்ட சட்டை போட்டபடியே இருந்தது. சொட்டவில்லை, ஆனால் காயவும் இல்லை. கையில் எடுத்தால் அலசிய வாழையிலைபோல் சில்லென்று ஒட்டியது. ஆறு பேரின் சட்டை, துண்டு, பனியன், காலுறை எல்லாம் அந்த ஒரே கயிற்றில் நெருக்கியடித்துத் தொங்க, கயிறு நடுவில் தொய்ந்து தரையைத் தொடப் பார்த்தது. வெளியே மழை நின்று நாலு மணி நேரம் ஆகியிருந்தது.

ஜூன் கடைசி. அந்தமானின் ஹேவ்லாக் தீவு. 2018 முதல் அரசுக் காகிதங்களில் அதன் பெயர் சுவராஜ் தீவு. சீசன் இல்லாத நேரம், அறை மலிவு, கூட்டம் இருக்காது என்ற கணக்கில் ஆறு பேர் முதுகுப்பையோடு கிளம்பியிருந்தோம். மழைக்குத் தயாராகத்தான் போனோம். ஒருவரைத் தவிர ஆளுக்கொரு மழைக்கோட்டு (அதில் இரண்டு எங்கள் விமானக் கட்டணத்தைவிட விலை கூடியவை), பைக்கு உறை, செல்பேசிக்கு ஜிப் வைத்த கவர். மேலிருந்து விழும் தண்ணீரைச் சமாளிக்க எல்லாம் இருந்தது. எங்களை நனைத்ததோ பெரும்பாலும் அந்தத் தண்ணீர் இல்லை.

வரைபடத்தில் கடலூரில் விரல் வைத்து நேர் கிழக்கே சுமார் 1400 கிலோமீட்டர் இழுத்தால் போர்ட் பிளேயர் பக்கத்தில் வந்து நிற்கும். 2024இல் அதற்கும் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிவிட்டது. அட்சரேகை ஒன்றுதான், வெயிலின் சாய்வும் ஒன்றுதான். ஆனால் ஜூனில் கடலூர் காய்கிறது, அந்தமான் ஊறுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று நம்மிடம் வருவதற்குள் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறி, சுமையை இறக்கிவிட்டு, வெறுங்கையோடு வந்து சேர்கிறது. அந்தமானுக்கு அப்படி ஒரு மலை குறுக்கே இல்லை. கேரளத்தில் ஜூன் 1 வாக்கில் தொடங்கும் பருவமழை, அந்தமான் கடலில் மே மூன்றாம் வாரத்திலேயே வந்துவிடும். அது முடிந்த கையோடு வடகிழக்குப் பருவமும் அங்கே பெய்கிறது. ஆண்டுக்கு ஏறக்குறைய 3000 மி.மீ. மழை. சென்னைக்குக் கிடைப்பது சுமார் 1400.

கடிகாரமும் அங்கே கொஞ்சம் ஏமாற்றும். இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு வைத்தது. போர்ட் பிளேயர் இருப்பது 92.7இல். ஒரு டிகிரிக்கு 4 நிமிடம் என்று போட்டால் சூரியன் 40 நிமிடம் முந்துகிறது. ஜூனில் காலை 5 மணிக்கே வெளிச்சம், மாலை 5.45க்குள் சூரியன் மறைந்துவிடும். மழை மேகமும் சேர்ந்தால் 5 மணிக்கே காட்டுப் பாதையில் கண் தெரியாது. மதியம் சாப்பிட்டுவிட்டு நிதானமாக நடக்கலாம் என்று நினைக்கிற சென்னைக்காரர்கள் இதில்தான் மாட்டிக்கொள்வார்கள். நாங்களும் ஒருமுறை மாட்டினோம்.

அங்கே மழை நாள் முழுக்கக் கொட்டுவதில்லை. அலை அலையாக வருகிறது. பெரிய நிலப்பரப்பில் வெயிலில் தரை சூடேறி, மாலையில் இடி மழை வரும். நடுக்கடலில் கதை வேறு. இரவெல்லாம் மேகத்தின் உச்சி வானத்துக்குச் சூட்டை விட்டுக் குளிர்கிறது. கீழே கடலோ 28, 29 டிகிரியில் வெதுவெதுப்பாகவே இருக்கிறது. மேலே குளிர்ந்து கீழே சூடாக இருந்தால் காற்று கிளர்ந்து எழும், அதனால் கடல் மழை பின்னிரவிலும் விடியலிலும் மிகுதி. ஏறத்தாழ நூறு சதுர கிலோமீட்டர் அளவுள்ள ஒரு தீவு, கடலின் பழக்கத்தை மீறி எவ்வளவு தூரம் போய்விடும்? எங்கள் தகரக் கூரையில் சத்தம் பெரும்பாலும் 3 மணிக்குத் தொடங்கியது.

இதற்குமேல் இன்னொரு பெரிய தாளம் உண்டு. ரோலண்ட் மேடன், பால் ஜூலியன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1971இல் கண்டுபிடித்தது. இந்தியப் பெருங்கடலில் எழும் ஒரு மாபெரும் மழைத்திரள் கிழக்கு நோக்கி நொடிக்கு 5 மீட்டர் வாக்கில், அதாவது சைக்கிள் மிதிக்கும் வேகத்தில், நகர்ந்துகொண்டே போகும். 30 முதல் 60 நாளுக்கு ஒருமுறை இந்தச் சுற்று. அது தலைக்குமேல் இருக்கும் வாரத்தில் போனால் கப்பல் ரத்து, கடந்த பிறகு போனால் நீல வானம். ஒரே ஜூன் மாதத்தில் போய்வந்த இரண்டு கூட்டம் இரண்டு கதை சொல்வதில் பொய் இல்லை. வானிலைத் துறை இந்தச் சுற்று எங்கே இருக்கிறது என்பதையும் கணக்கில் எடுத்துத்தான் இரண்டு வார முன்னறிவிப்பு தருகிறது. டிக்கெட் போடுமுன் அதைப் பார்த்திருக்கலாம்.

சரி, சட்டைக்கு வருவோம். துணி காய்வது என்றால் அதிலுள்ள தண்ணீர் ஆவியாகிக் காற்றில் இடம் பிடிப்பது. காற்றில் இடம் எவ்வளவு என்பதை வெப்பம் தீர்மானிக்கிறது. ஒரு கனமீட்டர் காற்று 10 டிகிரியில் 9 கிராம் நீராவிதான் தாங்கும், 20இல் 17, 30இல் 30. சூடான காற்றுக்குப் பெரிய வயிறு. ஆனால் மழைக்காலத் தீவில் அந்த வயிறு ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது. சுற்றிலும் வெதுவெதுப்பான கடல், அதன்மேல் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தவழ்ந்து வந்த காற்று. ஈரப்பதம் 90 சதவீதம் என்று செல்பேசி காட்டினால், 27 டிகிரியில் ஒரு கனமீட்டருக்கு இன்னும் இரண்டரை கிராம்தான் இடம் பாக்கி. ஒரு ஈரத்துண்டில் 300 கிராம் தண்ணீர் இருந்தால், அதை ஏற்றுக்கொள்ள 120 கனமீட்டர் காற்று வேண்டும். அது எங்கள் அறையைப்போல மூன்று அறைக் காற்று. ஒரு துண்டுக்கு!

அந்த அறையில் ஆறு பேர் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தோம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சும்மா படுத்திருக்கும் ஆள்கூட மூச்சிலும் தோலிலுமாக ஒரு நாளைக்கு முக்கால் லிட்டருக்குமேல் தண்ணீரை வெளியே விடுகிறார். ஆறு பேர், எட்டு மணி நேரம் என்றால் ஒன்றரை லிட்டர். நாலு மீட்டருக்கு நாலு மீட்டர் அறையில், 27 டிகிரியில், காற்று தாங்கக்கூடிய மொத்த நீராவியே ஒரு லிட்டர்தான். எனவே இரவில் எங்கள் துணி காயவில்லை என்பது மட்டுமல்ல, நாங்கள் விட்ட மூச்சே சுவரிலும் துணியிலும் படிந்தது. காலையில் கண்ணாடிமேல் விரலால் யாரோ பெயர் எழுதியிருந்தார்கள்.

இப்போது மழைக்கோட்டு. அதன் கதை சுவையானது. 1969இல் பாப் கோர் என்ற அமெரிக்கர் சூடாக்கிய டெஃப்லான் தண்டுகளை மெல்ல மெல்ல இழுத்து நீட்டப் பார்த்தார். எல்லாம் அறுந்தன. எரிச்சலில் ஒன்றைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார். அது அறாமல் பத்து மடங்குக்கு நீண்டது. நம் ஒட்டாத தோசைக்கல்லின் மேல் பூசும் அதே பொருள்தான். இழுத்ததும் அதற்குள் கோடிக்கணக்கான நுண்துளைகள். ஒரு நீர்த்துளி நுழைய முடியாத அளவு சிறியவை, தனித்தனி நீராவி மூலக்கூறு தாராளமாகப் போய்வரும் அளவு பெரியவை. மழை உள்ளே வராது, வியர்வை ஆவி வெளியே போய்விடும். கோர்-டெக்ஸ் பிறந்தது இப்படித்தான். விளம்பரத்தில் எப்போதும் பனிமலையில் ஒருவர் நிற்பார். அந்தப் படத்தில் பனிமலை சும்மா அழகுக்கு இல்லை. கோட்டு வேலை செய்வதற்கு அது தேவை.

ஏனென்றால் ஆவி தானாக எங்கும் போகாது. அழுத்தம் கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குத்தான் போகும். தோலை ஒட்டி 34 டிகிரியில், நசநசவென்று ஈரம் நிறைந்த காற்றின் நீராவி அழுத்தம் சுமார் 5.3 கிலோபாஸ்கல். வெளியே பனிமலையில் 5 டிகிரி என்றால், மழை பெய்து காற்று முழுக்க நிரம்பியிருந்தாலும் அங்கே 0.9தான். உள்ளுக்கும் வெளிக்கும் 4.4 வித்தியாசம், ஆவி அடித்துப் பிடித்துக்கொண்டு வெளியேறும். ஹேவ்லாக்கில் 27 டிகிரி, மழை. வெளி அழுத்தம் 3.6. வித்தியாசம் 1.7. அதாவது, கோட்டுக்குள்ளிருந்து ஆவியைத் தள்ளும் விசை பனிமலையில் இருப்பதில் ஐந்தில் இரண்டு பங்குதான். இதில் கோட்டின் மேல்துணி முழுக்க நனைந்து, தண்ணீர் ஒரு படலமாகப் படிந்துவிட்டால் அந்த இரண்டு பங்கும் போச்சு.

அதே நேரம் உள்ளே உற்பத்தி கூடுகிறது. பத்துக் கிலோ பையோடு ஏறி இறங்கி நடக்கிறவர் உடலிலிருந்து சுமார் 400 வாட் சூடு கிளம்பும். ஒரு கிராம் வியர்வை ஆவியானால் ஏறக்குறைய 2400 ஜூல் சூட்டைக் கொண்டுபோகும். கணக்குப் போட்டால் மணிக்கு 600 கிராம் வியர்வை ஆவியாக வேண்டும். ஆவியாகாமல் வழிந்து ஓடும் வியர்வை ஒரு சூட்டையும் எடுக்காது, உப்பை மட்டும் எடுத்துக்கொண்டு போகும். எலிஃபண்ட் பீச்சுக்குப் போகும் காட்டுப் பாதையில், சேறும் வேர்முடிச்சுமாகக் கிடந்த வழியில், அரை மணி நடந்துவிட்டு எங்களில் விலை உயர்ந்த கோட்டு போட்டிருந்தவர் கையை உயர்த்தினார். மணிக்கட்டு வழியாக உள்ளேயிருந்து தண்ணீர் ஊற்றியது. மழையில் நனையாமல், தன் வியர்வையிலேயே குளித்திருந்தார். முகம் சிவந்து, கொஞ்சம் தள்ளாடவும் செய்தார். கோட்டைக் கழற்றி உட்காரவைத்ததும் பத்து நிமிடத்தில் சரியானார்.

கோட்டே கொண்டுவராத ஒருவர் எங்களோடு இருந்தார். கூட்டத்தில் மூத்தவர். கறுப்புக் குடை, முழங்காலுக்கு மடித்துக் கட்டிய லுங்கி, ரப்பர் செருப்பு. படகுத்துறையில் இறங்கியபோது எல்லாரும் அவரைக் கேலி செய்தோம். "என்னண்ணே, ரேஷன் கடைக்கா?" என்று நானே கேட்டேன். வெப்ப இயற்பியல்படி அன்று சரியாக உடுத்தியிருந்தவர் அவர் ஒருவர்தான். குடை தலைக்குமேல் நிற்கிறது, உடம்பைச் சுற்றிக் காற்று தடையில்லாமல் ஓடுகிறது. காற்று ஓடுவதுதான் இங்கே முக்கியம். வெளிக்காற்று ஈரமாக இருந்தாலும் தோல் அதைவிட ஆறேழு டிகிரி சூடு, எனவே தோலிலிருந்து ஆவி கிளம்பத் தயாராகவே இருக்கிறது. தோலை ஒட்டித் தேங்கிய அந்தக் காற்றுப் படலத்தை யாராவது தள்ளிவிட வேண்டும், அவ்வளவுதான். இதற்கு மறுபக்கமும் உண்டு. நனைந்த உடையோடு விசைப்படகின் மேல்தளத்தில் நின்றால் அதே 27 டிகிரியில் பல் கிட்டும். மழைக்கோட்டை நான் அந்தப் படகுக்கு மட்டும் சிபாரிசு செய்வேன். மரங்கள் அடர்ந்த பாதையில் நடக்கக் குடைதான்.

சட்டை காயாததற்கு இன்னொரு காரணத்தைக் கண்டுபிடித்தவர் எங்களுக்குச் சமைத்துப் போட்ட அக்கா. போர்ட் பிளேயரில் பிறந்து வளர்ந்தவர், அப்பா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்தவராம். நம் ஊரை அவர் 'மெயின்லேண்ட்' என்றே சொன்னார். கொடியைப் பார்த்தவர் ஒரு சட்டையைப் பிடித்து நாக்கு நுனியில் தொட்டார்.

"தம்பி, இது கடல்ல குளிச்ச துணிதானே?"

"ஆமாக்கா. பிழிஞ்சுதான் போட்டோம்."

"பிழிஞ்சா போதுமா? உப்பு இருக்கிற வரைக்கும் காயாது. கூரைத் தண்ணில ரெண்டு தடவை அலசிப் போடுங்க."

ஐப்பசி மழையில் கல்லுப்பு ஜாடி கசிவதைப் பார்க்காத வீடு உண்டா? அதுதான் இது. சுத்தமான சோடியம் குளோரைடு, காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலுள்ள ஆவியை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். கடல்நீரில் மக்னீசியம் குளோரைடும் இருக்கிறது. அதற்கு 33 சதவீதமே போதும். தீவில் மழைக்காலத்தில் ஈரப்பதம் 33க்கு எப்போது இறங்கும்? கடல்நீர் ஊறிய சட்டை, காயவே முடியாத சட்டை. மதியம் ஒருவேளை காய்ந்ததுபோல் தோன்றினாலும் ராத்திரி காற்றிலிருந்து தண்ணீர் குடித்துவிடும். மழைநீரிலோ உப்பு இல்லை. அக்கா சொன்னபடி தகரக் கூரை ஓரத்தில் வாளி வைத்துப் பிடித்து அலசினோம். மறுநாள் பாலியஸ்டர் சட்டைகள் காய்ந்துவிட்டன. பருத்தித் துண்டுகள் பாதிதான். அதுவும் பொருளின் குணம்: சாதாரண 65 சதவீத ஈரப்பதத்திலேயே பருத்தி தன் எடையில் 8 சதவீதத்தைத் தண்ணீராக வைத்துக்கொள்ளும், பாலியஸ்டர் அரை சதவீதம்கூட வைத்துக்கொள்ளாது.

துண்டுகளில் அதற்குள் அந்த முடை நாற்றம் ஏறியிருந்தது. மழைக்காலத்தில் வீட்டுக்குள் காயவைத்த துணியில் வருமே, அதே வாடை. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012இல் அதற்குப் பொறுப்பான பாக்டீரியாவைப் பிடித்தார்கள், பெயர் மொராக்செல்லா ஓஸ்லோயென்சிஸ். தோலிலிருந்து துணிக்கு வருவது, வியர்வையையும் எண்ணெய்ப் பசையையும் தின்று ஒருவகைக் கொழுப்பு அமிலத்தை விடுவது. உலர்வையும் ஓரளவு வெயிலையும் தாங்கிக்கொள்ளும் என்பதால், ஒருமுறை ஏறிய வாடை அடுத்த முறை நனைந்ததும் திரும்பி வருகிறது.

நாலாம் நாள் எங்கள் அறையை ஏசி அறையாக மாற்றிக்கொண்டோம். சொகுசுக்கு அல்ல, துணி காயவைக்க. ஏசியின் சில்லிட்ட குழாயில் காற்றின் ஆவி தண்ணீராகப் படிந்து வெளியே சொட்டிவிடுகிறது. அறைக்குள் மிஞ்சுவது பசியோடு இருக்கும் காற்று. இரண்டு மணி நேரத்தில் கொடி காலியானது. ஆனால் அதே அறையில் இருந்த கேமராவை வெளியே எடுத்ததும் லென்ஸ் பால்போல் மூடிக்கொண்டது. வெளிக்காற்றின் பனிப்புள்ளி 25 டிகிரி, லென்ஸ் 22. துடைத்தால் மறுபடி படியும், அரை மணி காத்திருப்பதைத் தவிர வழியில்லை. கேமராவை அரிசிக்குள் புதைக்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். கடை அரிசியிலேயே 12, 13 சதவீதம் தண்ணீர் இருக்கிறது. சிலிக்கா ஜெல் பொட்டலம் என்றால் தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு உறிஞ்சும். அரிசியைச் சோறாக்குவது உத்தமம்.

கடலைப் பற்றி ஒன்று மட்டும். படத்தில் எல்லாரும் பார்த்திருக்கும் ராதாநகர் கடற்கரை தீவின் மேற்குப் பக்கம். தென்மேற்குக் காற்று தள்ளிக்கொண்டு வரும் அலைகளின் நேர் முகத்தில் இருக்கிறது. ஜூனில் அங்கே கரையில் உடையும் அலையும், திரும்பும் தண்ணீர் ஒரு வாய்க்காலாகச் சேர்ந்து ஆளை உள்ளே இழுக்கும் ஓட்டமும் விளையாட்டில்லை. தீவைக் குறுக்கே கடந்து கிழக்குப் பக்கம் விஜயநகர் போனால் அதே நாளில் குளம்போல் கிடக்கிறது. தீவே அலைக்குத் தடுப்புச் சுவர். குளிக்க எங்கே போவது என்று கேட்டால், மழைக்காலத்தில் கிழக்கு என்று சொல்லிவிடலாம்.

கால்களைக் கடைசிக்கு வைத்தேன், ஏனென்றால் இதில் சிரிக்க ஒன்றுமில்லை. நாள் முழுக்க ஈரச் சப்பாத்தில் இருந்த பாதம் சாயங்காலம் வெளுத்து, சுருங்கி, சேமியா உப்புமாபோல் இருக்கும். விரல் நுனி சுருங்குவதை, தோல் தண்ணீரில் ஊறி உப்புகிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். நரம்பு அறுபட்ட விரல் தண்ணீரில் எவ்வளவு ஊறினாலும் சுருங்குவதில்லை என்று 1930களிலேயே மருத்துவர்கள் கவனித்துவிட்டார்கள். நரம்புகள் கட்டளையிட்டு உள்ளே ரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் வரும் மடிப்பு அது. ஆனால் உள்ளங்காலில் நடப்பது மெய்யாகவே ஊறல். மேல்தோல் தண்ணீர் குடித்துத் தடித்து, உரசினால் பிய்ந்துவிடும் நிலைக்கு வருகிறது. வியட்நாம் போரில் மீகாங் வயல்களில் நாள்கணக்காக நின்ற அமெரிக்கச் சிப்பாய்கள் கூட்டம் கூட்டமாக இதனால் முடங்க, ராணுவ மருத்துவர்கள் சிலிக்கோன் களிம்பு தடவிப் பார்த்தார்கள். நாற்று நடும் நம் பெண்களுக்கு இது சேற்றுப்புண். அவர்கள் தடவுவது வேப்பெண்ணெய். இரண்டிலும் தத்துவம் ஒன்று, தண்ணீர் தோலுக்குள் போகாமல் தடுப்பது. இரவில் எட்டு மணி நேரமாவது காலைக் காயவிடுவதுதான் இதைவிடப் பெரிய மருந்து.

அந்தப் பிய்ந்த தோலின் வழியாகத்தான் எலிக்காய்ச்சல் கிருமி நுழைகிறது. எலி, மாடு, நாய் இவற்றின் சிறுநீரில் வெளிவரும் லெப்டோஸ்பைரா, மழையில் கழுவிக்கொண்டு குட்டைக்கும் ஓடைக்கும் வந்து ஈரமண்ணில் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். அந்தமானுக்கும் இதற்கும் பழைய உறவு. அங்கே இந்த நோய் இருப்பது பற்றிய ஆய்வு 1931லேயே வெளியானது. 1988 முதல் வடக்கு அந்தமானில் பருவமழைக்குப் பின் ஒரு மர்மக் காய்ச்சல் வந்தது. நுரையீரலில் ரத்தம் கசிந்து ஆட்கள் இறந்தார்கள். அந்தமான் ரத்தக்கசிவுக் காய்ச்சல் என்று பெயர்கூட வைத்தார்கள். 1993இல்தான் அது எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது.

பயணிகளுக்கும் இதில் ஒரு பாடம் நடந்தது, இன்னொரு மழைத்தீவில். 2000ஆம் ஆண்டு போர்னியோவின் சபா மாநிலத்தில் ஈகோ-சேலஞ்ச் என்ற சாகசப் போட்டியில் 304 பேர் கலந்துகொண்டார்கள். காட்டில் நடை, குகை, படகு, நீச்சல். கனமழையில் செகாமா ஆறு பெருக்கெடுத்திருந்தது. போட்டி முடிந்து அவரவர் நாட்டுக்குத் திரும்பிய பிறகு காய்ச்சல் வந்தது. விசாரிக்க முடிந்த 189 பேரில் 80 பேருக்கு எலிக்காய்ச்சல் அறிகுறி, 29 பேர் மருத்துவமனையில். யாரும் இறக்கவில்லை. நல்ல உடற்கட்டுள்ள வீரர்கள்தான். ஆற்றில் நீந்தியவர்களுக்கு ஆபத்து கூடியிருந்தது, டாக்ஸிசைக்ளின் மாத்திரையை முன்கூட்டியே எடுத்தவர்களுக்குக் குறைந்திருந்தது. நோய் வெளிப்பட 2 நாளும் ஆகலாம், 29 நாளும் ஆகலாம். அதற்குள் ஆள் வேறு ஊரில், வேறு மருத்துவர் முன்னால் உட்கார்ந்திருப்பார். அங்கேதான் பிசகு நடக்கிறது.

ஊர் திரும்பிய ஒன்பதாம் நாள் எங்களில் ஒருத்திக்குக் காய்ச்சல், கெண்டைக்காலில் வலி. டெங்குவா என்று பார்க்க எழுதிக் கொடுத்த மருத்துவரிடம், போன மாதம் மழையில் அந்தமான் போனதையும், குதிகால் தோல் உரிந்த நிலையில் குட்டைகளில் நடந்ததையும் அவளே சொன்னாள். அவர் பேனாவை மறுபடி எடுத்து இன்னொரு பரிசோதனையும் சேர்த்து எழுதினார், முடிவு வரும்வரை காத்திருக்காமல் மாத்திரையும் கொடுத்தார். முடிவு, நோய் இல்லை என்றே வந்தது. மற்ற ஐந்து பேரும் 29 நாள் முடியும்வரை தினமும் காலையில் எங்கள் செல்பேசிக் குழுவில் ஒரு கட்டைவிரல் போட்டுக்கொண்டிருந்தோம்.